160 மில்லிமீட்டர் என்ன செய்யும்?
(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஸ்பிரிங், டாம்பிங், இயற்கை அதிர்வெண் என்றெல்லாம் நாம் படிக்கிறோம். பரீட்சையில் கேட்டால் சூத்திரத்தை எழுதி, படம் போட்டு, மார்க் வாங்கிக்கொண்டு அதோடு மறந்துவிடுகிறோம். அந்தப் பாடம் முழுவதையும் இரண்டு சக்கரத்தில் உருட்டிக் காட்டும் ஒரு வண்டி இருக்கிறது. அதுதான் நீண்ட டிராவல் உள்ள மலைச் சைக்கிள். "சைக்கிளைப் பற்றி எழுத என்ன இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லாரி சஸ்பென்ஷனை விட இதில் யோசிக்க வேண்டியது அதிகம் என்பது என் அபிப்பிராயம். லாரியில் டிரைவர் எடை ஒரு பொருட்டே இல்லை. இங்கே வண்டி 15 கிலோ, அதன் மேல் அசைந்துகொண்டே இருக்கும் மனிதன் 68 கிலோ!

முதலில் டிராவல் என்றால் என்ன? சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலிருந்து, சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும் நிலை வரை எவ்வளவு தூரம் மேலே போகிறதோ அதுவே டிராவல். முன்னால் 170 மி.மீ., பின்னால் 160 மி.மீ. என்று சொன்னால் அது நீண்ட டிராவல் வண்டி. 120 முதல் 140 வரை நடுத்தரம்.

இந்த வண்டியின் பிறப்பே வேடிக்கையானது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து மரின் கவுண்டியில் 1976-இல் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை மேல் ஏற்றி, மண் பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கர ஹப்பிலேயே பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் சூடேறி கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் 'ரீபேக்' என்றே பெயர் வந்துவிட்டது. சஸ்பென்ஷன் எல்லாம் கிடையாது, இரண்டு கை, இரண்டு கால்தான்! 1990-இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஆர்.எஸ்.-1 என்ற முன் ஃபோர்க் விற்பனைக்கு வந்தது. டிராவல் ஏறத்தாழ 50 மி.மீ. அதே 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்டு இறக்கப் பந்தயத்தை ஜெயித்தார், ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடு. அதன் பிறகு 50 என்பது 100 ஆகி, 160-ஐயும் தாண்டியது. 2013-இல் எண்டுரோ உலகத் தொடர் ஆரம்பித்தது. அதில் இறக்கத்துக்கு மட்டும்தான் நேரக் கணக்கு; ஆனால் ஏற்றத்தையும் வீரனே மிதித்து ஏற வேண்டும். ஆக, இறங்குவதற்காகவே செய்யப்பட்டு, ஏறவும் தெரிந்த வண்டி தேவைப்பட்டது. நான் எழுதப்போவது அந்த ஜாதி வண்டியைப் பற்றித்தான்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எங்க ஊர் குன்னூர். நாங்கள் நாலு நண்பர்கள் மாதச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் பழைய மலைச் சைக்கிள் ஒன்று வாங்குவதாகத் திட்டம். நான் விடுமுறையில் வேலை பார்த்த சைக்கிள் பட்டறையில் இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்று 170/160. மற்றொன்று 140/130. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "அதே காசுக்கு 30 மில்லிமீட்டர் அதிகமா வருதுன்னா எவன்டா வேணாம்பான்?" என்றான் ஒரு நண்பன். நாலு பேர் காசு, ஒரே வண்டி. தப்பாக வாங்கினால் அடுத்த சீட்டு முடிய இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். பட்டறை அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி, ரெண்டையும் எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. டிராவல் எவ்ளோன்னு பாக்காதீங்க, அதுல எவ்ளோ உங்களுக்கு வேலை செய்யுதுன்னு பாருங்க" என்றார். தெரிந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அனுமதி வாங்கி நாலு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். (காட்டுப் பாதையில் அனுமதியில்லாமல் ஓட்டக் கூடாது, நண்பர்களே. தோட்டத்திலும் கொழுந்து கிள்ளுபவர்கள் வந்தால் இறங்கி ஓரமாக நிற்பதுதான் மரியாதை.)

ஏற்றத்தில் நடப்பது

எங்கள் சுற்றில் முதல் பகுதி ஜீப் ரோடு, சுமார் 300 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நீண்ட டிராவல் வண்டியில் உட்கார்ந்து மிதித்தால் பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. "ஸ்பிரிங் லூஸா இருக்கு" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஆள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் ஓரளவு அமுங்கி நிற்கும். பட்டறையில் இதை 'சேக்' என்பார்கள். நம் பாடத்தில் நிலை விலக்கம். டிராவலில் 30 சதவீதம் என்பது வழக்கமான அளவு. 160-இல் 30 சதவீதம் 48 மி.மீ. நிலை விலக்கம் தெரிந்தால் இயற்கை அதிர்வெண் தெரியும் அல்லவா? 9.81-ஐ 0.048-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் வருவது சுமார் 2.3 ஹெர்ட்ஸ். இப்போது காலைக் கவனியுங்கள். ஏற்றத்தில் களைத்துப்போய் நிமிடத்துக்கு 68 சுற்று மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு கால், இரண்டு உதை. நிமிடத்துக்கு 136 உதை. வினாடிக்கு 2.27!

அதாவது நாமே ரெசொனன்ஸில் உட்கார்ந்துகொண்டு மிதிக்கிறோம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. ஸ்பிரிங் பேரில் தப்பில்லை. அடுத்த வாரம் கியரை இலேசாக்கி நிமிடத்துக்கு 85, 90 சுற்று மிதித்தேன். வினாடிக்கு 3 உதை. ஆட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிட்டது. முன்னால் 32 பல், பின்னால் 51 பல் இருந்தால் 85 சுற்றுக்கு மணிக்கு 7 கி.மீ. சொச்சம்தான் வரும், நடப்பதை விடக் கொஞ்சம் வேகம். வெட்கப்பட வேண்டியதில்லை.

நியாயமாகச் சொன்னால் 130 மி.மீ. வண்டியும் இதிலிருந்து தப்பாது. அதன் நிலை விலக்கம் 39 மி.மீ., அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ், 76 சுற்றில் அதுவும் ஆடும். ஆனால் ஆட்டத்தின் அளவு குறைவு. மேலும் இதெல்லாம் ஸ்பிரிங் நேர்கோட்டில் நடக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. செயின் இழுப்பு பின் சக்கரத்தைக் கீழே தள்ளும்படி பிவட்டுகளை அமைத்து ஆட்டத்தைக் குறைக்கும் வேலையும் நல்ல வண்டிகளில் உண்டு. ஷாக்கில் ஒரு லீவரும் இருக்கும். போட்டால் அமுங்குவதற்கான டாம்பிங் கூடிவிடும். ஜீப் ரோட்டில் போடலாம். வேர் நிறைந்த ஏற்றத்தில் திறந்தே விடுங்கள். இல்லாவிட்டால் பின் சக்கரம் ஒவ்வொரு வேரிலும் எகிறிப் பிடிப்பு விட்டுவிடும். இந்த ஒரு இடத்தில் நீண்ட டிராவல் வண்டி ஏற்றத்திலும் ஜெயிக்கிறது. சில்வர் ஓக் வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடந்த ஒரு திருப்பத்தில் சின்ன வண்டியில் நாலில் மூன்று முறை கால் ஊன்றினேன். பெரியதில் ஒரு முறைதான்.

எடை? பெரிய வண்டி 15.5 கிலோ, சின்னது 14. ஆள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ மேலேறும்போது ஒன்றரை கிலோ என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. நாற்பது நிமிட ஏற்றத்தில் முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் உண்மையில் அதைவிட அதிகமாகத்தான் பின்தங்கினோம். அண்ணன் சொல்லி இரண்டு வண்டியின் சக்கரங்களையும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். பாதி வித்தியாசம் காணாமல் போய்விட்டது! பெரிய வண்டிக்குத் தடித்த உறை, மெத்தென்ற ரப்பர், ஆழமான பட்டன் உள்ள டயர் போட்டிருந்தார்கள். அது உருளுவதற்கே சக்தி தின்றுவிடுகிறது. டிராவலைத் திட்டுகிறவர்கள் பல பேர் உண்மையில் டயரைத்தான் திட்டுகிறார்கள்.

சமதளமும் ஹெட் ஆங்கிளும்

மேலே ஏறியதும் மலையைச் சுற்றி ஒரு ஒத்தையடிப் பாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். இங்கே பெரிய வண்டி சோம்பேறி. இதற்குக் காரணம் ஸ்பிரிங் மட்டுமல்ல, ஜியோமெட்ரி.

ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்குக் காஸ்டர் ஆங்கிள் தெரியும். சைக்கிளில் ஹெட் ட்யூப் தரையோடு செய்யும் கோணம் அதே வேலையைச் செய்கிறது. 1990-களின் மலைச் சைக்கிளில் 71 பாகை பொதுவானது. இந்தப் பெரிய வண்டியில் 64 பாகை. ஃபோர்க் முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் 64 பாகை வண்டியில் (சக்கர ஆரம் 370 மி.மீ., ஃபோர்க் ஆஃப்செட் 44 மி.மீ.) சுமார் 131 மி.மீ. வருகிறது. 66 பாகை வைத்த சின்ன வண்டியில் 117. அந்தக் காலத்து 26 அங்குல வண்டியில் 70-ஐ ஒட்டித்தான் வரும். இந்தத் தூரம் கூடக் கூட வேகத்தில் வண்டி நேராகப் போக விரும்பும். மெதுவாகப் போகும்போது அதே குணம் தொல்லை. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பினால் முன் சக்கரம் 'டொபக்' என்று ஒரு பக்கம் சாயும். குறுகலான ஏற்றத்தில் அலைபாயும். வீல்பேஸும் பெரியதில் 1240 மி.மீ. இருந்தது. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் திரும்பிவிட்டாலும் பின் சக்கரம் செடிக்குள் போகிறது.

செங்குத்தான ஏற்றத்திலும் நீளமும் உயரமும் வந்து குறுக்கே நிற்கும். நம் எடை மையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் என்று வைத்தால், சமதளத்தில் முன் சக்கரத்துக்கு 40 சதவீத எடை. 15 சதவீத ஏற்றத்தில் அது 27-க்கு இறங்கிவிடும். இதோடு பின்பக்கம் இன்னும் 30 மி.மீ. அமுங்கி முன்பக்கம் 20 மி.மீ. எழும்பினால் வண்டியே இரண்டு பாகைக்கு மேல் பின்னால் சாய்கிறது. இதற்காகத்தான் இப்போது சீட் ட்யூபை 76, 77 பாகைக்கு நிமிர்த்தி வைக்கிறார்கள். இடுப்பு முன்னால் வரும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைக் கொஞ்சம் தாழ்த்தினால் சமாளிக்கலாம்.

சமதளத்தில் இன்னொரு விஷயம் உண்டு. சின்ன மேடுகளில் கையாலும் காலாலும் அழுத்தி வேகம் எடுப்பார்கள் தெரியுமா? பெரிய வண்டியில் நாம் அழுத்துவதை ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு, டாம்பர் அதைச் சூடாக்கி வெளியே விட்டுவிடுகிறது. உழைப்பெல்லாம் எண்ணெயில் கரைந்தது.

இறக்கம்

இதற்காகத்தானே இத்தனையும்! கடைசிப் பகுதியில் கல்படிகள், வேர், யூகலிப்டஸ் சருகு, ஆறு கொண்டை ஊசி. இங்கே பெரிய வண்டி வேறு மிருகம்.

வேர்கள் 60 செ.மீ.க்கு ஒன்றாக இருக்கும் இடத்தில் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு 10 அடி விழும். சஸ்பென்ஷனின் இயற்கை அதிர்வெண் 2.3. நாலு மடங்குக்கு மேல். அதிர்வைத் தனிமைப்படுத்தும் பகுதி என்று வரைபடத்தில் போடுவோமே, அந்தப் பகுதி இதுதான். சக்கரங்கள் கீழே படபடக்கின்றன, ஃபிரேம் சாந்தமாகப் போகிறது. அதே வேரில் ஏறும்போது மணிக்கு 5 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 2.3 அடி, மறுபடியும் ரெசொனன்ஸ்! அதே வண்டி, அதே வேர். வேகம் மட்டும்தான் வேறு. "இது வேகமாப் போனாத்தான் நல்லாருக்கும்" என்று ஓட்டுபவர்கள் சொல்வதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கும். 60 மி.மீ. அமுங்கினால் ஹெட் ஆங்கிள் சுமார் இரண்டரை பாகை நிமிர்ந்துவிடும். 64 என்பது 66.5 ஆகிறது. 71-இல் ஆரம்பித்த பழைய வண்டி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படிக்கட்டில் தலைகுப்புற விழாமல் இருப்பது டிராவலை விட இந்தக் கோணத்தின் உபகாரம்.

குதிப்பதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை: டிராவல் அதிகம் என்றால் உயரத்திலிருந்து குதிக்கலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுவதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல ஓட்டுநர் கை கால்களை மடக்கி உடம்பை 40 செ.மீ. கீழே விடுவார். சஸ்பென்ஷனே இல்லாவிட்டால் சராசரி விசை எடையைப் போல 3.5 மடங்கு. 100 மி.மீ. டிராவல் இருந்தால் 3 மடங்கு. 160 இருந்தால் 2.8. அவ்வளவுதான்! கை கால் மடக்காமல் விறைப்பாக நின்று 160-ஐ மட்டும் நம்பினால் 7 மடங்குக்கு மேல். பெரிய சஸ்பென்ஷன் நம் முழங்கால்தான் நண்பர்களே. 160 மில்லிமீட்டரின் உண்மையான உபயோகம் பெரிய குதியில் இல்லை. கால் மடக்க நேரம் கிடைக்காத, அடுத்தடுத்து வரும் கல்லிலும் வேரிலும்தான்.

எங்கள் நால்வரில் ஒருவனுக்கு மலைப்பாதை புதிது. சின்ன வண்டியில் கல்படி வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். பெரிய வண்டியில் எல்லாப் படியையும் ஓட்டியே இறங்கினான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதே சந்தோஷத்தில் கடைசி வளைவுக்கு வந்த வேகம் அவனுக்கே தெரியவில்லை. நேராகத் தேயிலைச் செடிக்குள். தேயிலைச் செடி பார்க்கத்தான் மெத்தை மாதிரி இருக்கும், உள்ளே கட்டை. முழங்கை நான்கு தையலோடு போயிற்று. சின்ன வண்டி என்றால் படியிலேயே உதறல் எடுத்து வேகத்தைக் காட்டிக் கொடுத்திருக்கும். பெரிய வண்டி அந்தச் சேதியைக் கைக்கு வரவிடாமல் தடுத்துவிட்டது.

அடுத்த வாரம் நாங்கள் 140/130 வண்டியை வாங்கினோம். மூன்றுக்கு ஒன்று ஓட்டு. எதிர்த்து ஓட்டுப் போட்டவன் யார் என்று நினைக்கிறீர்கள்? தையல் போட்டவனேதான்! அவன் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட ஆள் இருந்தாலோ, எண்டுரோ பந்தயத்துக்குப் போவதானாலோ பெரியதுதான் சரி. அது உண்மை. ஆனால் எங்கள் சுற்றில் நேரக் கணக்குப்படி முக்கால்வாசி ஏற்றமும் சமதளமும். மேலும் திருப்பத்தில் காட்டெருமை நின்றால் 160 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெதுவாக வருபவன்தான் பிழைப்பான்.

வாங்கப் போகிறவர்களுக்கு

கடைகளில் 'டபுள் சஸ்பென்ஷன்' என்று மலிவாக விற்கும் வண்டிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பலவற்றில் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும், டாம்பர் இருக்காது. சீட்டை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் நிதானமாக எழுந்து நின்றால் டாம்பர் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை துள்ளினால் அது குதிரை, மலையில் இறக்காதீர்கள்.

நல்ல வண்டி கிடைத்தால் முதலில் சேக். ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஓட்டும் உடையோடு ஏறி நின்று, மெல்ல இறங்கி அளக்க வேண்டும். 65 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஷாக்கில் 19, 20 மி.மீ. வந்தால் சரி. அதே ஷாக் 160 மி.மீ. சக்கர அசைவைத் தாங்குவதால் லீவரேஜ் சராசரியாக 2.46. ஆகவே சக்கரத்தில் 450 நியூட்டன் என்றால் ஷாக்கில் 1100-க்கு மேல். காற்று ஷாக்குக்குப் பெட்ரோல் பங்க் காற்று ஆகாது; அதற்கென்று உயர் அழுத்தக் கைப்பம்பு உண்டு. அடிக்கடி 'டக்' என்று அடியில் இடித்தால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், காற்றறைக்குள் பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒன்று போட்டால் போதும். கொள்ளளவு குறைவதால் கடைசிப் பகுதியில் மட்டும் ஸ்பிரிங் விறைக்கும். பாயில் விதி!

ரீபவுண்டு திருகியை ரொம்ப மெதுவாக வைத்தால், ஒரு வேரில் அமுங்கிய சக்கரம் அடுத்த வேருக்குள் திரும்பி வராது. ஒவ்வொன்றுக்கும் இன்னும் அமுங்கி, கடைசியில் 160 இருந்தும் 40-தான் மிச்சம். வேகமாக வைத்தால் உதைத்துத் தள்ளும். நடுவில் ஆரம்பித்து, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு கிளிக்காக மாற்றுங்கள். டயரில் எனக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. ஒத்து வந்தது, ட்யூப் இல்லாத டயருக்கு இது.

மழைக் காலம் முடிந்ததும் பின் பிவட் பேரிங்குகளைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். நாங்கள் வாங்கிய வண்டியில் எட்டில் மூன்று செம்மண் அடைத்து இறுகிப்போயிருந்தன. ஷாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிவட் இறுகினால் சின்ன அதிர்வுக்குச் சக்கரம் அசையாது. சீலை மெல்ல நெம்பி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் தாங்கும் கிரீஸை நிறைய அடைத்து மூட வேண்டும். போல்ட்டுகளைக் கைக்கு வந்தபடி முறுக்காமல் டார்க் ரென்ச் வைத்து, ஃபிரேமில் அச்சடித்திருக்கும் அளவுக்கு முறுக்குங்கள்.